திருவனந்தபுரம் வடிவமைத்த நுண்செயலிகள்

பணம் வழங்கும் இயந்திரத்தில் நாம் அட்டையைச் செருகியதும், அதில் பதிந்துள்ள சிறு சில்லு தன் உண்மைத்தன்மையை வங்கிக் கணினிக்கு மெய்ப்பிக்கிறது. கைப்பேசி முதல் ஏவூர்தி வரை இன்று சில்லு இன்றி எதுவும் இயங்குவதில்லை. 2021இல் உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது வாகனத் தொழிற்சாலைகளே உற்பத்தியைக் குறைக்க நேரிட்டது. எனவே, நுண்செயலியை நாமே வடிவமைப்பது இன்றியமையாததாகிறது. இப்பணியில் திருவனந்தபுரத்தின் இரு நிறுவனங்கள் முன்னிற்கின்றன.

விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் 16 பிட் ‘விக்ரம் 1601’ நுண்செயலி, 2009 முதல் இஸ்ரோ ஏவூர்திகளில் பயன்பட்டு வருகிறது. அதன் மேம்பட்ட வடிவமே 32 பிட் ‘விக்ரம் 3201’. மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்துடன் இணைந்து உருவாக்கப்பட்ட இது, உறைநிலைக்குக் கீழே 55 பாகையிலும், அதற்கு மேலே 125 பாகை செல்சியசிலும் இயங்கவல்லது. பிஎஸ்எல்வி-சி60 பயணத்தின்போது விண்வெளியில் சோதிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் முதல் உற்பத்தித் தொகுதி ஒப்படைக்கப்பட்டது.

மற்றொன்று சி-டாக் மையம். உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தத்தக்க ‘ரிஸ்க்-ஃபைவ்’ கட்டளைத் தொகுப்பைக் கொண்டு, ‘வேகா’ நுண்செயலி வரிசையை இம்மையம் வடிவமைத்தது. அவ்வரிசையில் அமைந்த ‘தேஜஸ்32’ சில்லு, ‘ஏரீஸ்’ பலகைகளின் வழியாக மாணவர்களையும் சென்றடைந்துள்ளது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ நுண்செயலிக்கும் ரிஸ்க்-ஃபைவே அடிப்படை.

வடிவமைப்புத் திறன் வளர்ந்துவிட்டது. மிக நுண்ணிய சில்லுகளைப் பெருமளவில் உருவாக்கும் ஆலைகளே அடுத்த தேவை.

வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல்: சில்லு எத்துணை வலிமையுடையதாயினும், நாமே பிறரிடம் கூறிவிடும் ரகசிய எண்ணை அதனால் காக்க இயலாது.