அரசிதழைத் திறந்து படித்தவர்

2014 தொடக்கத்தில் எகிப்தின் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பச் சொன்ன குற்றச்சாட்டு இது: சிறையிலிருந்த தீவிரவாதிகளைத் திறந்துவிட்டவர் முகமது முர்சி. முந்தைய ஆண்டு ஜூலையில் ராணுவம் பதவியிலிருந்து இறக்கிய அதிபர் அவர். அவருக்காக வாய் திறக்கப் பலரும் அஞ்சிய நேரம். பத்திரிகையாளர் ஹொஸாம் பஹ்கத் அரசிதழை எடுத்து, மன்னிப்பு ஆணைகளைத் தேதிவாரியாகப் படித்தார். வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் முர்சிக்கு முன்பே, ராணுவக் கவுன்சிலின் ஆட்சிக்காலத்தில் விடுதலையானவர்கள் என்று தெரிந்தது. கெய்ரோவின் 'மதா மஸ்ர்' இணைய இதழில் அதை எழுதினார்.

1978-ல் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்த பஹ்கத், 2002-லேயே தனிமனித உரிமைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கியவர். பத்திரிகைத் துறைக்கு அதன் பிறகுதான் வந்தார். எந்த வரிக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருடைய எழுத்தில் தெரிகிறது.

2015 அக்டோபரில் வந்த கட்டுரைதான் அவரைத் தடுப்புக்காவலுக்கு இட்டுச் சென்றது. ஆட்சிக் கவிழ்ப்புக்குச் சதி செய்ததாக 26 ராணுவ அதிகாரிகள் ரகசியமாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றிருந்தார்கள். நாட்டில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. பஹ்கத் குற்றப்பத்திரிகையின் நகலைப் பெற்றார், குடும்பத்தாரிடம் பேசினார், எழுதினார். நவம்பர் 8 அன்று ராணுவ உளவுத்துறை அழைத்தது, போனவர் திரும்பவில்லை. தேச நலனுக்குக் கேடான பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்கு. ராணுவத்தின் வழக்குத்தொடர் பிரிவே தயாரித்த குற்றப்பத்திரிகையை வைத்து எழுதியது எப்படிப் பொய்யாகும்? ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் கவலை தெரிவித்தார். நவம்பர் 10 அன்று விட்டார்கள். ராணுவம் பற்றி எழுதும்போது சட்ட, பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றுவேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகே விட்டார்கள்.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. தனியார் ஊடக நிறுவனங்களைப் பொது உளவுத்துறை வாங்கிக்கொண்டிருந்ததை 2017 டிசம்பரில் வெளிக்கொண்டுவந்தார். என்னைக் கேட்டால், அவருடைய பணியில் இதுவே முக்கியமானது. செய்தி எங்கிருந்து வருகிறது என்பதைக் குடிமக்களுக்குக் காட்டியது அது.

விலை பெரிது. 2016-ல் வெளிநாடு செல்லத் தடை, சொத்து முடக்கம். தேர்தல் ஆணையத்தை விமர்சித்த ஒரு ட்வீட்டுக்காக 2021-ல் 10,000 எகிப்திய பவுண்ட் அபராதம். 2024-ல்தான் பயணத் தடை நீங்கியது. 2017 மே மாதத்தில் மதா மஸ்ரின் இணையதளத்தை எகிப்துக்குள் முடக்கினார்கள். நமக்கு அந்தத் தடை இல்லை. அவர் கட்டுரைகள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, தேடிப் படியுங்கள்.