பை ஆடக் கூடாது

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய வீதிகளில் சைக்கிளில் வகுப்புக்குப் போகிறவள் நான். சீற்றுக்குப் பின்னால் தொங்கும் சிறிய பையை இரண்டு இடத்தில் மட்டும் கட்டினால் ஊஞ்சல்போல ஆடும். தளர்ந்த வார் சில்லுக் கம்பிக்குள் சிக்கினால் சில்லு இறுகி நாம் விழ நேரிடும்.

ஆகவே மூன்று இடத்தில் கட்டுங்கள். மேல் வார்கள் இரண்டையும் சீற்றுக்கு அடியிலுள்ள கம்பிகளில் சுற்றுங்கள். 1866இல் பேர்மிங்ஹாமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் சில தோல் சீற்றுகளில் இதற்கென்றே வளையங்கள் உண்டு. மூன்றாவது வாரைச் சீற்றுத் தண்டில் இறுக்குங்கள். ஆட்டத்தை நிறுத்துவது அதுதான். வழுக்கினால் தண்டில் பழைய ரியூப் துண்டொன்றைச் சுற்றிவிட்டுக் கட்டலாம். பாரமானவற்றைப் பையின் அடியில் வைத்து, வார் நுனிகளைச் செருகிவிடுங்கள்.

பெற்றோரே, மகளின் சைக்கிளுக்குக் காற்றுப் பார்க்கும்போது பையையும் ஒருமுறை உலுக்கிப் பாருங்கள். சைக்கிளோடு சேர்ந்தே அது அசைய வேண்டும்.