தட்டைத் தூக்கிப் பாருங்கள்

தில்லைத் திருக்கோயிலில் பூட்டியிருந்த அறையைத் திறந்தபோது, தேவார ஏடுகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை அகற்றி, எஞ்சிய ஏடுகளையே இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டனர் என்பது திருமுறை கண்ட வரலாறு. பூட்டி வைப்பது மட்டும் காப்பு ஆகாது என்பதை நான் என் வீட்டிலேயே கற்றேன்.

எங்கள் பூசை அலமாரி சுவரில் பதித்த மர அலமாரி. எண்ணெய்க் கறை படியக்கூடாதென்று தட்டின்மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினேன். மூன்று ஆண்டுகள் அதன் மேற்புறத்தைத் துடைத்தேனே தவிர, அடியில் என்ன நடக்கிறதென்று பார்க்கவில்லை. ஒரு கார்த்திகை மாதத்தில் என் தாயார் பாராயணம் செய்த திருவாசகப் புத்தகத்தை எடுத்தேன். பின்னட்டை கையோடு வரவில்லை, செல்லரித்து மண்ணாகியிருந்தது. அந்த அட்டையின் உட்புறத்தில்தான் தாயார் முன்னோர் திதிகளைக் குறித்து வைத்திருந்தார். உறவினர்களைக் கேட்டு மற்றவற்றை அறிந்தேன். கொள்ளுப்பாட்டனார் திதி மட்டும் கிடைக்கவில்லை. அவருக்கு இன்று மகாளய அமாவாசையிலேயே தர்ப்பணம் செய்கிறேன்.

நம் காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஈரம் கோத்துக்கொள்ளும். ஒட்டிய பிளாஸ்டிக்கின் அடியில் அந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். ஈரமும் இருளும் கரையானுக்கு உகந்தவை.

ஆகவே, தட்டில் கெட்டியான காக்கித் தாளையோ வெளுத்த பழைய வேட்டித் துணியையோ ஒட்டாமல் விரியுங்கள். தெய்வப் படமுள்ள நாட்காட்டித் தாளை விரித்து, அதன்மேல் பொருள்களை வைக்க வேண்டாம். எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு இருக்கட்டும். நூல்களைச் சுவரை ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சியினின்று காக்க வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், பட்டை, மிளகு ஆகியவற்றை இடித்து, கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலும் அதைச் செய்யலாம். ஆனால் கரையான் மண் கண்ணில் பட்டால் முடிச்சு போதாது. நூல்களை உடனே வெளியேற்றிச் சுவரையும் மரத்தையும் தக்கவரைக் கொண்டு சரிசெய்ய வேண்டும்.

சரசுவதி பூசை அடைமழைக்குச் சற்று முன்னர் வருகிறது. நூல்களை அடுக்கிப் பூசிக்கும் அந்நாளில் அலமாரி காலியாகத்தானே இருக்கும்? விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தட்டைத் துடைத்து உலர்த்திப் புதிய தாள் இடுங்கள். திதிகளை மற்றொரு ஏட்டிலும் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள்.