வௌவாலும் தோட்டப் பாடசாலையும்: வாசிப்பு, எழுத்து, கைவேலை குறித்த ஒரு நோக்கு

தமிழ் நெடுங்கணக்கைக் கற்பிக்கும் சுவர்ப்படங்களில் ஔகார வரிசைக்கு எடுத்துக்காட்டாக வருஞ் சொற்கள் மிகச் சில. ஔவை, கௌதாரி, வௌவால் என்பவற்றோடு அவை பெரும்பாலும் முடிந்துவிடும். ஔவை படத்தில் மட்டும் வாழ்பவர். வௌவாலோ பண்டாரவளைத் தோட்டங்களில் அந்தி சாயும் வேளையில் லயத்துக் கூரைக்கு மேலாகப் பறந்து செல்வது; கொய்யா மரத்தடியில் காலையிலே அது தின்று துப்பிய சக்கையைப் பிள்ளைகள் மிதித்து வருகின்றனர். பிள்ளையின் அனுபவ உலகும் பாடப்புத்தகமும் சந்திக்கும் அரிதான இடங்களுள் இதுவும் ஒன்று. அச்சந்திப்பைக் கல்வி எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

முதலில் வாசிப்பு. ஔகாரக் குறியின் பிற்பகுதி அச்சில் ளகரத்தைப் போன்றே தோன்றுவதால், இரண்டாம் ஆண்டுப் பிள்ளை இச்சொல்லை ‘வெ-ள-வால்’ என எழுத்துக் கூட்டுகின்றது. இதைத் தோட்டப் பிள்ளையின் மந்தத்துக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். உண்மையில் பிள்ளை, தன் கண்ணுக்குத் தெரிவதையே வாசிக்கின்றது. குழப்பம் வரிவடிவத்தில் உள்ளது. வீட்டில் வழங்கும் ‘வவ்வாலு’ என்ற வடிவத்தை முதலில் கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் வௌவாலை எழுதினால் ஒலியிலிருந்து குறிக்குச் செல்லும் வழி திறந்துவிடும். சங்கப் பாடல்களில் இவ்வுயிரி வாவல் எனப்படுகின்றது. வாவுதல் என்பது தாவுதல். பண்டாரவளைக் கடைத்தெருவில் பிள்ளை கேட்கும் சிங்களச் சொல் வவுலா. ஊவா மாகாணத்திலேயே, வெல்லவாயப் பக்கத்தில், வௌவால்களுக்குப் பேர்போன வவுல்கல்கே என்னும் குகை இருக்கின்றது. இரு மொழிச் சொற்களின் ஒலியொற்றுமையைப் பிள்ளைகள் தாமே கண்டு சிரிப்பர். அச்சிரிப்பு இன நல்லுறவு பற்றிய பல சொற்பொழிவுகளைவிடப் பயனுடையது.

அடுத்துக் கதை. ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதையொன்றில் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் போர் மூள்கின்றது. வௌவால் வெல்லும் பக்கம் சேர்ந்து சேர்ந்து, இறுதியில் இரு தரப்பாலும் விரட்டப்படுகின்றது. சந்தர்ப்பவாதத்தைக் கண்டிக்கும் கதை எனப் பொதுவாகக் கொள்ளப்படும் இதனை, மலையகப் பிள்ளைகளின் முன் வாசிக்கும்போது பொருள் வேறாகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இப்பிள்ளைகளின் மூதாதையருட் பெரும்பாலோரை இந்நாட்டவரும் அல்லர், இந்தியரும் அல்லர் என்ற நிலைக்குத் தள்ளியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் கதியைப் பின்னர் பார்க்கலாம் என ஒத்திவைத்தது. எஞ்சியோரின் பிரச்சினை சட்டத்தளவில் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எப்பக்கமும் சேராதவன் இழிந்தவன் என்னும் நீதியை இவர்தம் வாரிசுகளுக்கு ஓர் ஆசிரியர் எந்த மனத்தோடு போதிப்பார்?

மேலைநாட்டு வகுப்பறைகளில் பெரிதும் பயிலப்படும் ‘ஸ்டெல்லாலூனா’ (1993) இதைவிட மனிதாபிமானம் வாய்ந்தது. பறவைக் கூட்டில் வளரும் வௌவால் குட்டியொன்று தலைகீழாகத் தொங்கலாகாது எனக் கட்டளையிடப்பட்டு, பின்னர் தன் தாயை அடைகின்றது. பறவைகளோடு கொண்ட நட்பும் தொடர்கின்றது. ஆயினும் முரண்பாட்டின் தீர்வு ‘பிறந்த இனத்தோடு சேர்தல்’ என்பதே. ‘தாயகம் திரும்புதல்’ என்ற பெயரில், தாம் பிறந்த மலையை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியோரின் வழிவந்த எமக்கு அத்தீர்வு அத்துணை இனிக்கவில்லை.

இரு கதைகளும் விட்டுவைக்கும் கேள்விக்கு விஞ்ஞானம் விடை தருகின்றது. வௌவால் இரண்டுங்கெட்டான் அன்று. குட்டி ஈன்று பாலூட்டும் முலையூட்டி. பறக்கும் ஆற்றலை முழுமையாகப் பெற்ற ஒரே முலையூட்டியும் அதுவே. அதன் சிறகு என்பது கைதான்; பெருவிரல் சிறு கொக்கியாக வெளியே நிற்க, மற்றை நான்கு விரல்களும் நீண்டு தோலால் இணைந்துள்ளன. இவ்வுண்மையைச் சொல்லி விளக்குவதிலும் செய்து காட்டுவதே எளிது. பிள்ளை தன் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, நான்கு விரல்களை மட்டும் தாளின் ஓரம் வரை நீட்டட்டும். பின்னர் முறிந்த குடையொன்று. மழை நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. எட்டுக் கம்பிக் குடையை இரண்டாக வெட்டினால் பக்கத்துக்கு நான்கு கம்பி, அதாவது நான்கு விரல்; கறுத்தச் சீலை தோலாகின்றது; வளைத்த கம்பித் துண்டு பெருவிரல். பழந்தின்னும் பெரிய வௌவாலின் சிறகு விரிவு ஒரு மீற்றருக்கும் மேற்பட்டதாகையால் உருவும் ஏறத்தாழப் பொருந்திவிடும். கைவேலையை வெள்ளிக்கிழமைப் பொழுதுபோக்காகக் கருதும் ஆசிரியர் இதனைச் சிந்திக்க வேண்டும். மனிதக் கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைவும் ஆகும் என ஏங்கெல்ஸ் 1876இல் எழுதினார். கொழுந்து கிள்ளும் தாயின் விரலிலும் வௌவாலின் சிறகிலும் உள்ளவை ஒத்த எலும்புகளே என்பதைத் தொட்டறியும் பிள்ளை, பரிணாமத்தின் முதற் பாடத்தை அப்பெயர் அறியாமலே கற்றுக்கொள்கின்றது.

இலங்கையின் முலையூட்டிகள் பற்றிய பெருநூலை 1935இல் வெளியிட்ட பிலிப்ஸ் ஒரு தோட்டத்துரை. வௌவால்களும் அந்நூலில் இடம்பெற்றன. அக்காலத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கோ, 6 முதல் 10 வயது வரை தாய்மொழிக் கல்வி என்னும் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறுகிய வரம்பே கல்வியுலகின் எல்லை. நூலின் பெறுமதி இதனாற் குறையாது. ஆயின் கவனிக்கவும் குறித்துக்கொள்ளவும் ஓய்வு எவ்வர்க்கத்துக்கு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1999இல் நாடு முழுவதும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ அந்த ஓய்வைப் பாடநேரத்துக்குள் கொண்டுவர இடமளிக்கின்றது.

எழுத்துப் பயிற்சி இங்கே தொடங்கலாம். ‘வௌவால் கறுப்பு நிறமானது’ என்ற வாய்பாட்டு வசனத்தைப் பிரதி செய்விப்பதிற் பயனில்லை. எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் திசையிலிருந்து, எத்தனை, எம்மரத்தில் இறங்கியது, பாட்டி அதைப்பற்றி என்ன சொன்னார் என ஐந்து வரி போதும். இலங்கையில் ஏறத்தாழ முப்பது வௌவால் இனங்கள் உள. பழந்தின்னும் பெரியவை கண்ணையும் மூக்கையும் நம்புவன. பூச்சியுண்ணும் சிறியவை எமக்குக் கேளா ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வழியறிவன. பிள்ளைகளின் குறிப்புகளை ஒப்பிட்டாலே இவ்வேறுபாடு ஓரளவு தென்படும். 2018இல் கோழிக்கோட்டில் நிப்பா, 2020இல் கொரோனா எனப் பரவிய அச்சமும் வகுப்பில் எழவே செய்யும். தொடாதே, கடித்த பழத்தை உண்ணாதே என்பவற்றைத் தெளிவாகச் சொல்லி, கொல்லத் தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

காலத் தெரிவும் முக்கியம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவா மலைகளில் மழையும் பனிமூட்டமும் மாலையை மறைத்துவிடும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான வரண்ட மாதங்களே இப்பாடத்துக்கு ஏற்றவை. அப்போது வானமும் தெளிவு, பிள்ளைகளும் இருட்டும்வரை வாசலில் நிற்பர்.