மஞ்சள் கார்டு வீட்டுக்கும் தாய்மை உதவித்தொகை கிடைக்குமா?

காரைக்காலில் சிவப்பு ரேஷன் கார்டு என்றால் வறுமைக்கோட்டுக்குக் கீழே. மஞ்சள் என்றால் மேலே. ‘நம்மகிட்ட மஞ்சள் கார்டுதானே’ என்று ஒதுங்கிவிட வேண்டாம். மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்துக்கு, குடும்பத்தின் நிகர ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மாதம் 50,000 வந்தாலும் வருஷத்துக்கு 6 லட்சம்தானே!

எவ்வளவு கிடைக்கும்?
முதல் குழந்தைக்கு இரண்டு தவணையாக 5,000 ரூபாய். இரண்டாவது பெண் குழந்தை என்றால் ஒரே தவணையில் 6,000.

எதைக் காட்டணும்?
வருமானச் சான்றிதழ். இ-ஷ்ரம் கார்டோ, நூறு நாள் வேலை அட்டையோ இருந்தால் அதுவே போதும்.

யாருக்குக் கிடையாது?
அரசு, பொதுத்துறை நிறுவனங்களில் நிரந்தர வேலையில் இருக்கும் பெண்களுக்கு.

எங்கே, எப்போது?
பக்கத்து அங்கன்வாடியில். குழந்தை பிறந்து 270 நாள் தாண்டினால் போச்சு!