இரு கணினிகளுக்கு ஒரே பதிவேடு

பஞ்சாயத்து அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் இன்று கணினி இடம்பெற்றுவிட்டது. ஓர் அலுவலகத்தில் விண்டோஸ் கணினி ஒன்றும் லினக்ஸ் கணினி ஒன்றும் இருக்குமாயின், வீட்டு வரிப் பதிவேட்டைப் பென் டிரைவில் பிரதி எடுத்து அங்குமிங்கும் கொண்டு செல்ல நேரிடுகிறது. நாளடைவில் பிரதிகள் பெருகி, வரி செலுத்திய குடியானவரின் பெயர் ஒன்றில் பைசலாகவும் மற்றொன்றில் பாக்கியாகவும் நிற்கிறது. இக்குறையை நீக்கும் வழியை இங்கு விளக்குவோம்.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அம்முறையிலேயே லினக்ஸையும் பேசச் செய்வது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் இதனை முதன்முதலாக வெளியிட்டார். இது விலையின்றிக் கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை யாவை? முதலாவதாக, இரு கணினிகளையும் ஒரே ரவுட்டரில் இணைத்து, லினக்ஸ் கணினியில் சாம்பாவை நிறுவி, பதிவேடுகளுக்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை ஏற்படுத்த வேண்டும். இரண்டாவதாக, ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அளித்தல் அவசியம். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை அடைத்துவிட வேண்டும். மூன்றாவதாக, எழுதும் உரிமையைப் பதிவேட்டுக்குப் பொறுப்பானவருக்கு மட்டும் தந்து, ஏனையோருக்குப் படிக்கும் உரிமை தந்தால் போதுமானது.

எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பை அறவே நிறுத்திவிட வேண்டும். விண்டோஸில் அப்பதிப்பைச் சார்ந்த ஒரு குறைபாட்டின் வழியாகவே 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளில் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பலவற்றில் பணிகள் தடைப்பட்டன. அதற்கான திருத்தம் மார்ச்சு மாதத்திலேயே வெளிவந்திருந்தது என்பது கருதத்தக்கது. மூன்றாம் பதிப்பில் கோப்புகளை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி உண்டு. அதனைக் கட்டாயமாக்கிவிட்டால், இடையில் ஒட்டுக் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்பகிர்வு பயன்படுத்தும் 445 என்ற எண்ணுள்ள வாயிலை இணையத்தின் பக்கம் திறந்து வைத்தலும் ஆகாது.

இவ்வளவு செய்தும், ஒரு கணினியில் தீநிரல் புகுந்தால், அதிலிருந்து எழுதும் உரிமையுள்ள கோப்புகள் யாவும் அதன் கைக்குள் சென்றுவிடும். ஆகவே, வாரந்தோறும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து, அவ்வட்டைக் கணினியினின்றும் கழற்றிப் பீரோவில் பூட்டி வைத்தல் இன்றியமையாதது.

பதிவேடு ஊராரின் உடைமை. கடவுச்சொல் யாரிடம் உள்ளது, கடைசிப் பிரதி என்று எடுக்கப்பட்டது என்ற இரு வினாக்களைப் பஞ்சாயத்துக் கூட்டந்தோறும் அங்கத்தினர்கள் கேட்டு வருவார்களாயின், வரி செலுத்திய குடியானவர் மீண்டும் ரசீதைத் தேடி அலைய நேராது.