அகதிகளின் பேச்சில் யுத்தத்தின் காயம்

சூரனோடு பொருத சினம் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்த தலம் என்பதனால், கந்த சஷ்டியில் திருத்தணிகை மலைமேல் சூரசம்ஹாரம் நடைபெறுவதில்லை, புஷ்பாஞ்சலியே செய்கிறார்கள். ஆனால், இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு, 2009-ல் யுத்தம் ஓய்ந்த பின்னும் மனத்தின் கொதிப்பு அடங்கிவிடவில்லை. இலங்கையில் தமிழருக்கெதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அலையலையாக வந்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்தவர்களுமாக ஏறத்தாழ 58,000 பேர் தமிழகத்து முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அவை அகதி முகாம்கள் என்ற பெயர் மாறி மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் பெற்றன; அது நல்ல காரியமே.

யுத்தத்தை அவர்கள் 'பிரச்சினை' என்பார்கள்; இறந்தவரை 'மோசம் போயிட்டார்' என்பார்கள்; ஷெல் 'விழுந்தது' என்பார்களேயன்றி, அடித்தவர் யார் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். இராணுவத்திற்கும் ஆயுதமேந்திய இயக்கங்களுக்கும் நடுவே, ஒரு பெயரை உச்சரித்தாலே உயிருக்கு அபாயம் என்றிருந்த காலத்தில் பழகிய பேச்சு அது. எழுவாயை விட்டுவிட்ட அந்த வாக்கியத்தை மறதியென்றோ மழுப்பலென்றோ கொள்வது பெரும் அநியாயம். காலக்கணக்குகூட இடப்பெயர்வைக் கொண்டே நடக்கிறது: 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி ஜனங்கள் லட்சக்கணக்கில் வீடு வாசலை விட்டு வெளியேறினார்களே, அதற்கு முன் நடந்த கலியாணம், அதற்குப் பின் பிறந்த பிள்ளை என்று.

சொல்லாமல் விட்டதைச் சரீரம் சொல்கிறது. 'நெஞ்சு விறைக்குது', 'தலை கொதிக்குது', 'பெருமூச்சாய் வருது' என்று வைத்தியரிடம் முறையிடுவார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இத்தகைய முறையீடுகளில் யுத்தத்தின் காயத்தைக் கண்டு எழுதியவர். 'மனவடு' என்னும் அவருடைய தமிழ் நூல் 1993-ல் வெளிவந்தது.

யாவற்றினும் கொடியது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் நிலை. மகன் 'இருக்கிறான்' என்று நிகழ்காலத்திலேயே பேசுகிறாள் தாய். இறந்தகாலத்தில் ஒருமுறை சொல்லிவிட்டால் அவனுக்கு அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியை செய்தாக வேண்டும், அதற்கு அவள் கை எழவில்லை. அவளைத் திருத்த முற்படுவோர் அவளுக்கு மிஞ்சிய ஒரே பிடியையும் பறிப்பவர்களாவர்.

ஆகவே, இம்மாவட்டத்து வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் உத்தியோகஸ்தர்களையும் வேண்டிக்கொள்கிறேன்: நெஞ்சு விறைக்கிறது என்று ஒருவர் வந்தால், நெஞ்சைப் பரிசோதித்து மாத்திரை எழுதியதோடு அனுப்பிவிடாமல், 'எந்த ஊர், எப்போது புறப்பட்டீர்கள்?' என்று கேட்டு, பதிலை அவர் சொல்லும் வரிசையிலேயே சொல்லவிடுங்கள்.